இருபது மில்லிகிராமில் தீராத நோய்

புலிமியா நெர்வோசா உள்ளவர்களில் பலர் பார்வைக்குச் சராசரி எடையில்தான் இருப்பார்கள். அதனால் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாமல் நோய் ஆண்டுக்கணக்கில் நீளும். கட்டுப்பாடில்லாமல் அள்ளி அள்ளிச் சாப்பிடுவது, எடை ஏறிவிடுமே என்ற பயத்தில் வாந்தி எடுப்பது அல்லது பேதி மாத்திரை போடுவது, மறுபடியும் அதே சுற்று. 1979-இல் லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் இதை முதன்முதலில் விரிவாக எழுதியபோது, தொண்டைக்குள் விரல்விட்டுப் பல் பட்டுப் பட்டு விரல் முட்டிகளில் விழும் தழும்பையும் குறித்துவைத்தார். மனக்கட்டுப்பாடு இல்லாததற்கு மாத்திரை எதற்கு என்று கேட்பவர்கள் அந்தக் கையைப் பார்த்ததில்லை.

மாத்திரை உண்டு, ஃப்ளூவாக்சடின். 1992-இல் வெளியான, 387 பெண்கள் பங்கேற்ற எட்டு வார ஆய்வில், தினம் 60 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு வாந்தி பாதிக்கும் மேல் குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மாற்றம் மிகச் சொற்பம். 20 மில்லிகிராம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. மனச்சோர்வுக்கு வழக்கமாக எழுதும் அளவு அந்த இருபதுதான். அதிலேயே நிறுத்திவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்று கைவிடுவது நோயாளிக்கு இழைக்கும் அநியாயம் என்பேன். மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் இது பலன் தருகிறது.

பேச்சு சிகிச்சைதானே மேல் என்ற வாதத்தை மறுக்க முடியாது. மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2017-இல் சொன்னதும் சரியே. ஆனால் உணவுக் கோளாறுக்கென்றே பயிற்சி பெற்ற உளவியலாளர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அவர் கிடைக்கும்வரை நோய் காத்திருக்காது. வாந்தியால் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். மாத்திரையை அதற்குள் தொடங்கிவிடலாம், பேச்சு சிகிச்சை கிடைத்ததும் சேர்த்துக்கொள்ளலாம். பக்கவிளைவு பயமும் வெறும் பயமல்ல: 25 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று கவனிக்கவேண்டும். எந்த மனச்சோர்வு மருந்தானாலும் ஒன்றுதான் என்று நினைப்பது அதைவிட ஆபத்து. 1988-இல் வெளியான ஆய்வொன்றில் பியூப்ரோபியான் எடுத்த 55 பேரில் நால்வருக்கு வலிப்பு வந்தது. இந்த நோய்க்கு அம்மருந்து கூடவே கூடாது. மருத்துவரிடம் போகிறவர்கள் வாந்தியை மறைக்காமல் சொல்லவேண்டும். பொட்டாசியம் பரிசோதனையை முடிவு செய்யவும், வாந்தியில் வெளியேறிவிடாத நேரமாகப் பார்த்து மாத்திரையை எழுதவும் அவருக்கு அந்தத் தகவல் வேண்டும்.