அந்த நீல விளக்கை முதலில் அணையுங்கள்

பிள்ளையின் கட்டிலைச் சுற்றி நீல விளக்கை ஒட்டிக் கொடுத்துவிட்டு, விடிகாலையில் எழவில்லையென்று அவனைத் திட்டுவது என்ன நியாயம்? பாசார் மாலாமில் ரிமோட்டோடு விற்கிற வண்ண விளக்குப் பட்டை, சுங்கை பட்டாணி தாமான் வீடுகளிலும் பீடோங் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் ஏறிவிட்டது. நீலம் மனத்தை அமைதிப்படுத்தும் என்று கடைக்காரர் சொன்னால் போதுமா? நாம் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

நம் விழித்திரையில், இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லவே தனியாகச் சில செல்கள் இருக்கின்றன. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிதான் அவற்றை அதிகம் தூண்டும். இரவில் அந்த ஒளி பட்டால் தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் சுரப்பது குறையும். பிள்ளைகளின் கண்வில்லை நம்முடையதைவிடத் தெளிவானது, கண்பாவையும் பெரியது. அதே விளக்கு அவர்களை நம்மைவிட அதிகமாகத் தாக்கும்.

நிறத்துக்கு மந்திர சக்தி இருப்பதாக நம்பி ஏமாந்தவர்கள் நாம் மட்டுமல்ல. 1979இல் அமெரிக்காவின் சியாட்டல் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசி, கைதிகள் அடங்கிவிட்டார்கள் என்றார்கள். பின்னாளில் கவனமாகச் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

வெள்ளை விளக்காவது பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். எல்இடி சில்லு செய்யும் ஓஸ்ராம் ஆலை நம் கூலிமிலேயே 2017இல் திறக்கப்பட்டது. அந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள்: வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீலச் சில்லின்மேல் மஞ்சள் பூச்சுதான். பெட்டியில் 6500கே என்றிருந்தால் நீலம் தூக்கல். 2700கே என்றால் மஞ்சள். வாங்குமுன் அந்த எண்ணைப் படிக்க அரை நிமிடம்கூடவா இல்லை?

நம் கெடாவில் இது இன்னும் கொடுமை. 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதால், இங்கே சூரியன் எழவே ஏழு மணியாகிறது. வேனுக்கு நிற்கும் பிள்ளை இருட்டில்தான் நிற்கிறான். விழிக்க வேண்டிய நேரத்தில் அவனுக்கு வெளிச்சமில்லை, உறங்க வேண்டிய நேரத்தில் நாமே வெளிச்சத்தைக் காட்டுகிறோம். பால் வெட்டுக்கு நான்கு மணிக்கு எழுந்த நம் பெற்றோர் இரவில் இருட்டில் உறங்கியவர்கள். தோட்டத்து ஜெனரேட்டர் நின்றால் லயமே அடங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நமக்குப் பள்ளி. ஆகவே இந்தச் சனிக்கிழமை இரவே தொடங்குங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பட்டையையும் கைப்பேசியையும் அணையுங்கள். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்கு, மங்கலான மஞ்சள் விளக்கொன்றை அறைக்கு வெளியே, தரையோரமாக, கண்ணில் நேரே படாதபடி வையுங்கள்.