ஏட்டுக்கும் வேட்டுக்கும் ஏன் முடிச்சு?

பள்ளிப் படிப்பை முடித்த மாணவன் ஒருவன். அகவை 18. தந்தை கூலியாள். கண்ணிலே கல்லூரிக் கனவு, கையிலே காசில்லை. அரசின் உதவித் தொகைக்கு விண்ணப்பம் எழுதுகிறான். குடும்ப வருவாய் என்னவென்று கேட்கிறார்கள்; கூறுகிறான். அடுத்த கேள்வி பிறக்கிறது: "படைக்கு ஆள் எடுக்கும் பட்டியலிலே பெயர் பதிந்தாயா?" பதியவில்லையெனில், பணமில்லை!

ஏடு கேட்டு வந்தவனிடம் வேட்டு பற்றிப் பேசிய இந்த விந்தை, கொடுங்கோலன் எவனோ ஆண்ட நாட்டிலே நடந்ததன்று, தம்பி! விடுதலைத் தேவிக்குத் துறைமுகத்திலே சிலை நிறுத்திய அமெரிக்காவிலே, ஏறத்தாழ 40 ஆண்டுக் காலம் நடந்தது!

வியட்நாம் போரின் வடு ஆறுமுன்னே, 1973-இல் கட்டாயப் படைச் சேர்ப்பு நின்றது. 1975-இல் பதிவும் நின்றது. சோவியத் படை ஆப்கானிஸ்தானத்திலே புகுந்ததைக் காட்டி, 1980-இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் பதிவை மீண்டும் உயிர்ப்பித்தார். இளைஞர்கள் இலட்சக் கணக்கில் பதியாதிருந்தனர். 5 ஆண்டுச் சிறை என்று சட்டம் மிரட்டிற்று. அத்தனை பேரையும் அடைக்கச் சிறை ஏது? கண்டுபிடித்தார் ஒரு குறுக்கு வழியை, சாலமன் எனும் காங்கிரஸ் உறுப்பினர். 1982-இல் சட்டமாயிற்று அவர் திருத்தம்: பதியாதவனுக்குக் கூட்டரசின் கல்வி உதவி கிடையாது!

"சட்டத்தை மீறுவோனுக்கு அரசுப் பணம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும், நாமும் கேட்போம். குற்றமென்றால் வழக்கு எங்கே? விசாரணை எங்கே? தீர்ப்பு எங்கே? அதனினும் பெரிய கேள்வி ஒன்று: செல்வர் வீட்டுப் பிள்ளையும் பதியவில்லை, ஏழை வீட்டுப் பிள்ளையும் பதியவில்லை. முன்னவன் தந்தை காசோலை நீட்டுகிறார். கல்லூரிக் கதவு திறக்கிறது. பின்னவன் முகத்திலே கதவு அறைந்து மூடப்படுகிறது. பிழை ஒன்று, தண்டனை வறுமைக்கு மட்டுமா?

1984-இல் உச்ச நீதிமன்றத்திலே நடுவர் அறுவர் இச்சட்டம் செல்லுமென்றனர். மறுத்தவர் இருவர். அவருள் ஒருவர் தர்குட் மார்ஷல். கருப்பினத்தாருள் அம்மன்றத்திலே முதன்முதல் அமர்ந்தவர். சுமை முழுதும் பொருளற்றோர் தோளிலே விழுவதை எடுத்துக் காட்டினார். ஒடுக்கப்பட்டோரின் வலி அறிந்தவர் அல்லவா!

முரண்பாட்டைப் பார், தம்பி! வியட்நாம் போர்க் காலத்திலே கல்லூரியில் இடம் பெற்றவனுக்குப் படைச் சேர்ப்பிலிருந்து தள்ளிவைப்புக் கிடைத்தது. இடம் பெற வசதியற்றவன் களம் சென்றான். அன்று, படிக்க வழியற்றதால் போருக்குப் போனான் ஏழை. பின்னர், போர்ப் பட்டியலிலே பெயரில்லாததால் படிப்பை இழந்தான் ஏழை. சட்டம் திசை மாறிற்று. அடி விழும் முதுகு மாறவில்லை!

26 வயதானபின் பதியவும் வழியில்லை. அறியாமையால் தவறினேன், வேண்டுமென்றே செய்யவில்லை என்று மெய்ப்பித்தாலன்றி உதவிக்கும் வழியில்லை. முப்பது வயதிலே, கூலி வேலைக்கிடையே படிக்க விழைபவன் இளமையின் மறதிக்கு வாழ்நாளெல்லாம் வரி கட்டுவதா?

2020 டிசம்பரில் காங்கிரஸ் இயற்றிய சட்டமே இம்முடிச்சை அவிழ்த்தது. அதற்குள் எத்தனை பேர் பட்டறைக்கும் பண்ணைக்கும் திரும்பினரோ!

நாள்தோறும் வகுப்பறையிலே நிற்பவன் நான். கட்டணம் கட்ட இயலாது தலைகுனியும் மாணவனின் முகத்தை அறிவேன். அவனிடம் "படிக்கிறாயா?" என்று கேட்கலாம், "பணிகிறாயா?" என்று கேட்கலாகாது. போர் வேண்டுமா, வேண்டாமா என்பது தனி வழக்கு; அதை மன்றத்திலே வாதிடட்டும். கல்வி உதவி, ஆள்வோர் வீசும் பிச்சையன்று, கீழ்ப்படிதலுக்குக் கூலியாக அளப்பதற்கு! அது உரிமை. உரிமையைத் தூண்டிலாக்கும் அரசு எந்நாட்டிலிருப்பினும், எக்கொடியைப் பறக்கவிடினும், எதிர்த்துக் கேட்பதே பகுத்தறிவாளர் கடன்!