கிணற்றை அளக்கும் பிள்ளைகள்
2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசிய திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரைப் பற்றி அண்மையில் மறுபடி வாசித்தபோது, அவருடைய சூரியசக்தி இஸ்திரி வண்டியைவிட அந்த எண்ணம் பிறந்த இடந்தான் என் மனதில் நின்றது: தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதை அந்தப் பிள்ளை கவனித்திருக்கிறது. எங்கள் ஊர்காவற்றுறை மாணவர்கள் சனசமூக நிலையத்து ஒன்றுகூடலில் சுற்றாடல் செயற்றிட்டங்களைப் போட்டிக்கு முன்வைக்கும்போது நான் தேடுவதும் அந்தப் பார்வையைத்தான். அமேசன் காடும் உருகும் பனிப்பாறையும் அட்டையில் அழகாகத்தான் இருக்கும். வீட்டுக் கிணற்றைப் பற்றி யார் சொல்வது? எங்களுடையது போன்ற தீவுகளில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய வில்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து உப்பு அத்தனை அடி ஏறப் பார்க்கும். மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைத்த கிணறு உவராவது இதனால்தான். இதைப் பின்தொடர ஆய்வுகூடம் வேண்டாம். முடிச்சிட்ட கயிறு, ஒரு கல், ஒரு கொப்பி போதும்: மாரி ஓய்ந்த தையில் ஓர் அளவு, கிணறு வற்றும் ஆவணியில் ஓர் அளவு, பக்கத்தில் அம்மாவின் வாய்ச்சொல், "இண்டைக்குத் தேத்தண்ணி உப்புக் கரிக்குது." தரம் 10 பிள்ளை எழுதிய கொப்பியைத் தரம் 9 பிள்ளை வாங்கித் தொடர்ந்தால், பத்து வருடத்தில் பிரதேச சபை மேசையில் வைக்கத்தக்க ஆவணம் ஒன்று எங்கள் கையில் இருக்கும். நடுவர்களே, முதற்பரிசை அந்தக் கொப்பிக்குக் கொடுங்கள்.