தோழியர் விருந்தும் தோழியின் பணப்பையும்



வெள்ளவத்தையிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பள்ளித் தோழிக்கு வருகின்ற ஆவணியில் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. அதற்கு முன்னர் தோழியர் எழுவரும் மணப்பெண்ணை அழைத்துக்கொண்டு ஒரு கடற்கரை உல்லாச விடுதிக்குச் சென்று, இரண்டு இரவுகள் தங்கி மகிழ்ந்து வர விரும்புகின்றனர். ஏற்பாட்டுப் பொறுப்பு முழுவதும் இவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எந்த இடம், எந்தக் காலம், எவ்வாறு ஒழுங்கு செய்வது என்று கேட்கிறார். கையொப்பத்தின் கீழே மேலும் ஒரு செய்தி சேர்த்திருக்கிறார். எழுவருள் ஒருத்தி அண்மையிலேதான் ஆசிரிய நியமனம் பெற்றவள். தந்தையை இழந்த குடும்பத்தின் மூத்த பெண். செலவைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், உங்கள் விருப்பம்போலச் செய்யுங்கள் என்று சொல்லி அவள் மௌனமாகிவிடுகிறாளாம்.

கேட்ட கேள்விகளுக்கு விடை கூறுவது எளிது. கேளாமல் விட்ட கேள்வி அந்தப் பெண்ணின் மௌனத்தில் இருக்கிறது. இரண்டையும் இவ்வாரம் ஆராய்வோம்.

இது நமக்கு அந்நியமா?

"கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணைக் கடற்கரைக்கு அனுப்புவதா?" என்று சில வீடுகளில் மூத்தோர் முகம் சுளிக்கக்கூடும். இந்த வழக்கம் மேனாட்டிலிருந்து வந்தது என்பது உண்மையே. அமெரிக்காவிலே மணமகனுடைய நண்பர்கள் நடத்தும் விருந்து பழையது; மணமகளின் தோழியர் தமக்கெனத் தனி விருந்து நடத்தும் வழக்கம் 1980களிலேதான் அங்கு பரவலாயிற்று. ஆங்கிலேயர் இதனைப் பெட்டைக்கோழி விருந்து என்று அழைக்கின்றனர். பந்தியில் கோழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெயர் அதுவேதான்!

ஆனால், மணத்துக்கு முன் பெண்கள் மட்டும் ஒன்றுகூடிச் சிரித்து மகிழ்வது நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகளில் பலகாரச் சூடு என்றொரு நாள் உண்டு. அயலவரும் உறவினருமான பெண்கள் கூடிப் பயற்றம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் சுடுவார்கள். மணப்பெண்ணைக் கேலி செய்வதும், மூத்தவர்கள் தம் கதைகளைச் சொல்வதும் அந்த அடுப்பங்கரையிலேதான். கிழக்கிலே முஸ்லிம் சகோதரிகளின் வீடுகளில் மருதாணி இடும் இரவும் அத்தகையதே.

இன்றைய தோழியர் விருந்தை ஏளனம் செய்யாதிருக்க இன்னுமொரு காரணம் உண்டு. நம் பெண்களிற் பலர் மணமான சில மாதங்களுள் கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ சுவிற்சர்லாந்துக்கோ போய்விடுகின்றனர். பத்தாண்டுகள் ஒரே வகுப்பில் இருந்தவர்கள் மறுபடி ஒன்றாக அமர்ந்து உண்பது எப்போது என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த இரண்டு நாள்களுக்கு ஒரு பெறுமதி உண்டு. அதனை மறுக்கலாகாது.

எனினும் பலகாரச் சூட்டுக்கும் கடற்கரை விருந்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னதற்கு வருபவள் தன் கைகளைக் கொண்டுவந்தாற் போதும். பின்னதற்குப் பணத்தைக் கொண்டுவர வேண்டும். கைகள் எல்லோருக்கும் இரண்டு; பணம் அப்படியன்று.

காலமும் கடலும்

இனி இடத்துக்கு வருவோம். நம் தீவைச் சூழ்ந்த கடல் ஆண்டு முழுவதும் ஒரே குணமுடையதன்று. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசும் காலத்தில் பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ ஆகிய மேற்குத் தெற்குக் கரைகளில் அலை சீறும். அதே காலத்தில் பாசிக்குடா, நிலாவெளி ஆகிய கிழக்குக் கரைகளில் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். மார்கழியிலும் தையிலும் வாடைக்காற்று வீச, நிலைமை மாறிவிடும். ஆகவே விளம்பரப் படத்தில் நீலக்கடலைக் கண்டு மயங்காமல், நாட்காட்டியைப் பார்த்து இடத்தைத் தெரிக.

ஆவணி விவாகத்துக்கு ஆடியில் போவதாயின் கிழக்குக் கரையே பொருத்தம். மட்டக்களப்புக்கு வடக்கே, வாழைச்சேனைக்கு அண்மையிலுள்ள பாசிக்குடாவில் கடல் நெடுந்தூரம் ஆழமின்றிப் பரந்திருக்கிறது. நீச்சல் அறியாதவரும் இடுப்பளவு நீரில் நின்று விளையாடலாம். 1978 நவம்பரில் அடித்த சூறாவளியும், பின்னர் வந்த யுத்தமும், 2004 டிசம்பர்க் கடற்கோளும் அக்கரையைப் பாழாக்கின. 2009க்குப் பின்னரே பெரிய விடுதிகள் வரிசையாக எழுந்தன. கொழும்பிலிருந்து வானில் ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம். விடியற்காலையிற் புறப்பட்டால் மத்தியான உணவுக்குப் போய்ச் சேரலாம்.

நாளைத் தெரியும்போது நான்கு காரியங்களைக் கவனிக்க. முதலாவது, போயா தினத்தில் மதுபானம் விற்பதற்கு நம் நாட்டிலே தடை உண்டு. அது வார இறுதியை ஒட்டி வந்தால் விடுதிகளும் நிரம்பிவிடும். இரண்டாவது, நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களும் மரக்கறி உணவு மட்டும் உண்பவர்கள் நம்மவருட் பலர். அத்தகைய தோழி ஒருத்தி இருந்தால் அவளுக்குரிய உணவைப் பற்றி விடுதியில் முன்னரே பேசிக்கொள்க. மூன்றாவது, பொன்னுருக்கிய பின் மணப்பெண்ணை வெளியே அனுப்பாத வழக்கம் பல இல்லங்களில் உண்டு. தாயாரைக் கேட்டு அதற்கு வெகு முன்னரே போய்வருக. நான்காவது, வெயிலிற் கறுத்த முகமும் பயணக் களைப்பும் தெளிவதற்கு இரண்டு வாரங்களாவது விடுக.

கடலில் இறங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. செங்கொடி பறக்கும் இடத்தில் இறங்காதீர்கள். இருட்டிய பின்னும் இறங்காதீர்கள். மது அருந்தியவர் எந்த நேரத்திலும் இறங்கலாகாது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர் நேரே கரையை நோக்கி நீந்திப் போராடினால் விரைவில் களைத்துவிடுவார். பதறாமல் கரைக்குச் சமாந்தரமாகச் சிறிது தூரம் நீந்தி, இழுவை குறைந்த இடத்திற் கரைக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

இப்பொழுது பணத்துக்கு வருவோம். இருவர் தங்கும் அறைக்கு ஓரிரவுக் கட்டணம் 30,000 ரூபா என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். எட்டுப் பேருக்கு நான்கு அறைகள், இரண்டு இரவுகள். மொத்தம் 2,40,000 ரூபா. எட்டால் வகுத்தால் ஆளுக்கு 30,000 ரூபா. வட்ஸ்அப் குழுவில் இந்தத் தொகையே முதலில் எழுதப்படும். எல்லோரும் சம்மதித்ததாகவும் கருதப்படும்.

ஆனால் விடுதியின் விலைப்பட்டியலில் உள்ள தொகையுடன் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், 2024 சனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரியும், வேறு சிறு வரிகளும் சேர்வதுண்டு. நூறு ரூபா ஏறத்தாழ 130 ரூபாவாகிறது. நம் 2,40,000 ரூபா 3,12,000 ரூபாவாயிற்று. மணப்பெண் விருந்தாளி, அவள் பங்கு செலுத்துவதில்லை. ஆகவே ஏழால் வகுக்க வேண்டும். ஆளுக்கு 44,500 ரூபாவுக்கு மேல் வருகிறது. வான் கூலி, சாரதியின் சாப்பாடு, இரவு விருந்து, படகுச் சவாரி, மணப்பெண்ணுக்குப் பரிசு, படத்துக்காக எல்லோரும் அணியும் ஒரே நிற உடை ஆகியவை இன்னும் சேரவில்லை!

இக்கணக்கு ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் தோழிக்குப் பெரிதாகத் தோன்றாது. டொலரில் உழைப்பவளுக்கு அது ஓர் இரவுச் சாப்பாட்டுக் கணக்கைச் சிறிது மிஞ்சியதாக இருக்கலாம். தம்பியின் பள்ளிச் செலவையும் தாயின் மருந்தையும் முதல் வேதனத்திலிருந்து கொடுப்பவளுக்கோ அது மாதக்கணக்கான சிக்கனம். அவள் "இயலாது" என்று சொன்னால் தோழிக்காக இதைக்கூடச் செய்யவில்லை என்றாகும். "இயலும்" என்று சொன்னால் கடன்பட வேண்டும். ஆகவேதான் "உங்கள் விருப்பம்" என்கிறாள். பயணத்துக்கு முதல்நாள் திடீரென்று அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாகச் செய்தி வரும். மற்றவர்கள் வருந்துவார்கள், பிறகு, அவள் எப்போதும் இப்படித்தான் என்பார்கள். பதினைந்து வருட நட்பு இவ்வாறுதான் ஓசையின்றி அறுகிறது.

சொல்லாததை அறிபவள்

நம் பழைய அகப்பாடல்களில் தலைவியின் மனத்தை அவள் வாய் திறவாமலே அறிபவள் தோழி. தலைவியின் காதலைத் தக்க வேளையில், அவள் மானத்துக்கு ஊறு நேராதபடி, செவிலித்தாய்க்கு உணர்த்துவதனை இலக்கணம் வகுத்தோர் அறத்தொடு நிற்றல் என்றனர். விருந்தை ஏற்பாடு செய்யும் பெண்ணுக்கு அந்தப் பண்பு மணப்பெண்ணிடத்து மட்டுமன்றி மற்ற ஆறு தோழியரிடத்தும் வேண்டும். அதற்கு வழி சொல்லுகிறேன்.

இடத்தைத் தெரிந்த பிறகு பணத்தைக் கேட்பது இன்றைய முறை. அதனைத் தலைகீழாக்குக. குழுவிலே எந்தத் தொகையையும் எழுதுவதற்கு முன், ஒவ்வொருத்தியும் தன்னால் மனநோவின்றிக் கொடுக்கக்கூடிய தொகையை உங்களுக்கு மட்டும் தனியே அறிவிக்கச் சொல்லுங்கள். அத்தொகைகளை எவரிடமும், மணப்பெண்ணிடமும்கூட, வெளியிடாதீர்கள். அவற்றுள் மிகக் குறைந்தது எதுவோ, அதுவே எல்லோருடைய பங்கு. அந்தத் தொகைக்குள் அடங்கும் விருந்தையே திட்டமிடுங்கள். மிகுதியாகக் கொடுக்க விரும்புபவள் மிகுதியைப் பொதுவில் போடாமல், வான் கூலியையோ மணப்பெண்ணின் பங்கையோ தன் கல்யாணப் பரிசாக ஏற்றுக்கொள்ளட்டும். பரிசு கொடுத்தவள் பெயர் விளங்கும். குறைத்துக் கொடுத்தவள் பெயர் விளங்காது. ஒருத்திக்கு இனாமாக இடங்கொடுத்தோம் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

அத்தொகை சிறிதாக இருந்தால் என்ன செய்வது? இரண்டு இரவை ஓரிரவாக்கலாம். பெரிய விடுதியில் தங்காமல், கல்குடாப் பக்கத்திலுள்ள சிறிய தங்குமனை ஒன்றை எடுத்து, ஒரு வேளை விருந்துக்கு மட்டும் பெரிய விடுதிக்குப் போகலாம். அதுவும் இயலாதாயின் கல்கிசையிலோ நீர்கொழும்பிலோ ஒரு நாட்பொழுதைக் கழித்து மாலையில் வீடு திரும்பலாம். சோளகக் காலமாதலால் நீரில் இறங்காமல் கரையிலிருந்து கடலைப் பார்த்திருந்தாற் போதும். ஒரே நிற உடையை வாங்குவதற்குப் பதிலாக, ஒவ்வொருத்தியும் தன்னிடமுள்ள வெள்ளையுடையை உடுத்து வரலாம். படத்தில் அதுவும் அழகாகவே இருக்கும்.

முற்பணம் கட்டுமுன் விடுதியிடம் மூன்று வினாக்களை எழுத்திற் கேட்டு விடை பெறுக: வரிகள் யாவும் அடங்கிய தொகை எவ்வளவு? ஒருவர் வராவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? எந்த நாள் வரை மாற்றம் செய்யலாம்? கிடைத்த விடையை எல்லோரும் காணும்படி குழுவில் இடுக. செலவின் பற்றுச்சீட்டுகளையும் அவ்வாறே செய்க. தனித்தனித் தொகைகள் மறைவாக இருக்கட்டும். செலவுக் கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும்.

மணப்பெண்ணின் விருப்பத்தைக் கேட்க மறந்துவிடாதீர்கள். கூச்சமுடைய பெண்ணை மேடையில் ஏற்றி ஆடச் சொல்வதும், அருந்தாதவளை அருந்தும்படி நெருக்குவதும் விளையாட்டல்ல. புகைப்படங்கள் வேண்டிய மட்டும் எடுங்கள்; ஆனால் படத்திலுள்ள ஒவ்வொருத்தியும் சம்மதிக்கும் வரை அதனை முகநூலிலோ வேறெங்குமோ இடுவதில்லை என்று போகும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். நீச்சல் உடையில் எடுத்த ஒரு படம் புகுந்த வீட்டுக்கு அவளுக்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிடலாம்.

சகோதரி, பாசிக்குடாவா கல்கிசையா என்பதை உங்கள் குழுவின் மிகக் குறைந்த தொகை தானே தீர்த்துவிடும். உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. இன்றே அந்த ஆசிரியைத் தோழிக்குத் தொலைபேசியில் பேசுங்கள். "உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கேட்காதீர்கள். "நாங்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு தொகையை என்னிடம் மட்டும் சொல்கிறோம். குறைந்ததுதான் கணக்கு. நீயும் சொல்லு" என்று கேளுங்கள். அவள் சொல்லும் தொகை எவ்வளவு சிறிதாயினும், "சரி, நல்லது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். ஆவணியில் மணவறையைச் சூழ்ந்து நின்று அட்சதை தூவும்போது எழுவரும் அங்கு இருப்பீர்கள்.