முதலில் நம் வீட்டுப் புகையை அணைப்போம்

ஆஸ்திரேலியாவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரே, கொஞ்சம் கசப்பாகவே பேசப்போகிறேன்.

இந்த நாட்டுப் பூர்வீகக் குடி மக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "கிடைக்கிற காசையெல்லாம் ஊதியே தீர்க்கிறாங்க" என்று நம்மில் ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் தலையாட்டுவோம். சொன்னவரே சற்று நேரத்தில் கராஜுக்குப் பின்னால் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார். பிள்ளைகள் அந்தப் பேச்சையும் கேட்கிறார்கள், இந்தப் புகையையும் பார்க்கிறார்கள்.

பூர்வீகக் குடியினருக்கு அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரியுமா? கால்நடைப் பண்ணைகளிலும் கிறிஸ்தவ மிஷன்களிலும் அவர்களிடம் வேலை வாங்கிக்கொண்டு மாவு, சர்க்கரை, தேயிலையோடு புகையிலையையும் கூலியாக அளந்து போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்தது. இன்று அவர்களில் 45 வயதைக் கடந்தவர்களின் சாவில் பாதிக்குப் புகையே காரணம் என்று 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நமக்கு யார் கூலியாகக் கொடுத்தார்கள்? ஒரு பெட்டிக்கு 40 டாலருக்கு மேல் கொடுத்து நாமே வாங்கினோம்.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தச் சமூகத்தில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் தினமும் புகைப்பவர்கள் 2018-19இல் நூற்றுக்கு 37 பேர். 2022-23இல் 29 பேர். விலையேற்றமும் இந்தச் சரிவுக்குத் துணை நின்றது. ஆனால் அவர்களுள் ஒருவரான டாம் கால்மா 2010இலிருந்து முன்னின்று நடத்திய புகை ஒழிப்புத் திட்டமும், ஊர் ஊராக அவர்களே நடத்தும் சுகாதார நிலையங்களும், வீட்டிலும் காரிலும் புகை கூடாது என்று குடும்பங்கள் எடுத்த முடிவும் சாதாரணமானவை அல்ல.

"புகையை விட நானும் ஆப் போட்டுப் பார்த்தேன், சரிவரல" என்பீர்கள். நியூ சவுத் வேல்ஸில் பூர்வீகக் குடியினருக்காகவே ஒரு செயலி செய்து 49 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதம் கழித்துப் புகைக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர். சிறிய முன்னோட்டச் சோதனைதான். செயலியே வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. கைபேசி நினைவூட்டும், கணக்கு வைக்கும். ஆனால் வீட்டில் இன்னொருவர் ஊதிக்கொண்டிருந்தால், மனதில் நூறு கவலை இருந்தால், அதனால் மட்டும் என்ன செய்ய முடியும்?

பிள்ளை எத்தனை மணி நேரம் திரை பார்த்தது என்று கண்காணிக்க நம் போனில் செயலி வைத்திருக்கிறோம். நம் சிகரெட்டுக்கு மட்டும் கணக்கே கிடையாது! ஆஸ்திரேலிய அரசின் 'மை குவிட்படி' செயலி இலவசம். புகைக்காத நாட்களையும் மிச்சமான பணத்தையும் அது எண்ணிக் காட்டும். ஆசை கிளம்பும் நேரத்தில் கவனத்தைத் திருப்ப விளையாட்டும் உண்டு. இன்றே இறக்குங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். புகையை விட உதவும் குவிட்லைன் தொலைபேசிச் சேவையை 13 7848இல் அழையுங்கள். ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மருத்துவரிடம் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை பற்றிப் பேசுங்கள். விடும் தேதியை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

அம்மாக்களுக்கும் ஒரு சொல். "அப்பா பின்னால போறாரான்னு பாரு" என்று பிள்ளையை உளவுக்கு அனுப்பாதீர்கள். பெரியவர்களின் பழக்கத்தைப் பெரியவர்களே பேசித் தீர்க்க வேண்டும்.

அடுத்த சமூகத்தின் புகையை எண்ணிக் காட்டும் தகுதி நமக்கு இல்லை. அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் கையிலிருப்பதைக் கீழே போடுங்கள்.