கடலுக்குள் ஒரு வேலி

பவளம் என்றால் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குக் கழுத்து மாலைதான் ஞாபகம் வரும். மன்னார் வளைகுடாவில் இருப்பது அந்த ஜாதியல்ல. தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை 21 தீவுகள். சுற்றிலும் பவளப் பாறைகள். மீன் குஞ்சுகளுக்கு அதுதான் தொட்டில். அதைத்தான் ஒரு காலத்தில் வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டோம்! இரண்டு தீவுகள் நீரில் அமிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1986-ல் சர்க்கார் இந்தத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கிற்று. நல்ல காரியந்தான். ஆனால் பாட்டி காலத்திலிருந்து அங்கே பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள்? விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முக்குளிக்கிறவர்கள் அவர்கள். ஒரே நாளில் 'அத்துமீறி நுழைகிறவர்கள்' ஆகிவிட்டார்கள்.

சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி போன்றவர்கள் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். 2015-ல் அவருக்கு அமெரிக்காவிலிருந்து ஸீகாலஜி பரிசு வந்தது. பரிசு வந்தாலும் தீவில் கால் வைத்தால் குற்றம் குற்றமே!

பிச்சைமூப்பன்வலசையில் உல்லாசப் பிரயாணிகளுக்குக் கண்ணாடிப் படகிலிருந்து கடலடியைக் காட்டுகிறார்கள். காட்டட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? எங்கே, எந்த மாதம் பாசி எடுக்கலாம் என்று எல்லை குறிக்கும்போது, அந்தப் பன்னிரண்டு நாள் பெண்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் ஐயா!