வெண்மணிக்கு எந்த அத்தீனா வந்தாள்?

மன்னார்குடிக் கூட்டத்தில் நண்பர் பேசியதைக் கடைசிவரை கேட்டேன். எஸ்கிலஸ் கி.மு. 458இல் அரங்கேற்றிய ஒரெஸ்தியா நாடகங்கள் பழிவாங்கலை முடித்து நீதிமன்றத்தை நிறுவினவாம். கீழ்வெண்மணிக்காக ஆத்திரப்பட்டவர்கள் அதைப் படித்திருந்தால் 1973 தீர்ப்போடு அடங்கியிருப்பார்களாம். அந்தத் தீர்ப்பில் விடுதலையான மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் கொல்லப்பட்டிருக்க மாட்டாராம். கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கொலையை நான் நீதி என்று சொல்லவில்லை. செத்தவர்களில் ஒருவரையும் அது திருப்பித் தரவில்லை. ஆனால் நண்பர் நாடகத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டுப் பேசுகிறார்.

தாயைக் கொன்ற ஒரெஸ்டஸை ஏதென்ஸ் நீதிமன்றம் விசாரிக்கிறது. வாக்குகள் சரிபாதி, நகரத் தெய்வம் அத்தீனாவின் வாக்கு அவன் பக்கம், விடுதலை. அதன்பிறகும் மூன்றாம் நாடகத்தில் கால்பங்குக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பழி கேட்டு வந்த தெய்வங்களான எரினிகள் கொதிக்கிறார்கள்: மண்ணில் நஞ்சைச் சொட்டவிடுவோம், பயிர் கருகும், பிள்ளை பிறக்காது. அதே புலம்பலைச் சொல் மாறாமல் திரும்பவும் பாடுகிறார்கள். அத்தீனா எரிந்து விழவில்லை. இது உங்களுக்கு அவமானம் இல்லை என்று மறுபடி மறுபடி சொல்கிறாள். அந்த மண்ணிலேயே இருப்பிடமும் வழிபாடும் தருகிறாள். அதற்கப்புறம்தான் சபித்த வாய் விளைச்சலை வாழ்த்துகிறது. நெல்லை நம்பிப் பிழைக்கும் நம் ஊரில் இந்த இடத்தை எப்படித் தாண்டிப் போக முடிந்தது?

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டு, செங்கொடியின் கீழ் நின்ற சனங்கள். உயிருக்குப் பயந்து ராமையாவின் குடிசைக்குள் ஒண்டிய 44 பேர் எரிந்துபோனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் 1970இல் மிராசுதார்களைத் தண்டித்தது, உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. சாட்சியம் போதாவிட்டால் விடுவிப்பதுதான் சட்டம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: நிலபுலன் உள்ள மிராசுதார்கள், அதிலும் ஒருவர் கார் வைத்திருப்பவர், வேலையாட்களை விடாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்பக் கடினம். பிள்ளையைச் சாம்பலில் தேடி எடுத்தவளுக்கு இதுதான் பதில். இதைக் கேட்டு அவள் அடங்கியிருக்க வேண்டுமா?

நண்பர் வெண்மணிக்காக ஆத்திரப்பட்டவர்களை எரினிகள் என்றார். அப்படியே வைத்துக்கொள்வோம். எரினிகளை ஏதென்ஸ் நகரமே பந்தம் பிடித்து, மரியாதையோடு புது இருப்பிடத்துக்கு அழைத்துப் போகிறது. நாடகம் அந்த வெளிச்சத்தில்தான் முடிகிறது. வெண்மணிக்குத் தீயோடு வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று நண்பருக்கும் தெரியும்.